தொண்ணூற்றோரு படி

இரவு பதினொன்றரை. தரமணியில் ஏழாம் மாடி.
ஏசிக் குளிரில் பல் கிட்டுகிறது.
அங்கே உச்சி வெயில்.
கான்கூனில் விடிகாலை கிளம்பிய வெள்ளைப் பேருந்து
சிச்சென் இட்சாவின் வாசலில்
நாற்பத்திரண்டு பேரை இறக்கிவிட்டு
நிழல் தேடிப் போயிருக்கும்.
இனி அவர்கள் என் பொறுப்பு.

வீட்டில் அங்கயற்கண்ணி.
ஹெட்செட்டில் ஏஞ்சலா.
ஒரு நாள் சுற்றுலா, மதிய உணவு உட்பட.
கிணற்றுக் குளியலுக்குத் தனிக் கட்டணம்,
லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.
தொப்பி தொலைந்தால், பேருந்து தவறினால்,
குழந்தை வாந்தியெடுத்தால்
பூமியின் இந்தப் பக்கம் என் காதில் மணியடிக்கும்.

டென்னிஸ் ஹாலோவே, அறுபத்தெட்டு, ஓஹையோ,
பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்.
"கயிறு கட்டியிருக்கிறார்கள். ஏற விடவில்லை."
விதிமுறை, பத்தி நான்கு, சின்ன எழுத்து:
பிரமிடில் ஏற அனுமதியில்லை, பல வருடமாக.
வாசித்துக் காட்டினேன்.
அவர் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.
எண்பத்தாறில் அவர் அண்ணன் ஏறினானாம்.
உச்சியில், சட்டையில்லாமல், ஒரு புகைப்படம்.
அதே கல்லில் நிற்கத்தான்
மூட்டு மாற்றிய காலோடு இத்தனை தூரம்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறுத்தை உறுமியது.
"பயப்படாதே, ஊதல் விற்கிறார்கள்" என்றார்.
பிறகு,
"நீ ஏறியிருக்கிறாயா, ஏஞ்சலா?"

என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை கிடையாது.
பாஸ்போர்ட்டே கிடையாது.
"ஏறியிருக்கிறேன், சார்."
"மேலிருந்து என்ன தெரியும்?"

பெருங்குடி ரயில் நிலையத்தின்
நடைமேடையைச் சொன்னேன்.
"காற்று அதிகம், சார். கண்ணை இடுக்கிக்கொள்ள வேண்டும்.
ஒரு பக்கம் தட்டையாகப் பச்சை,
நடுநடுவே தண்ணீர் மினுங்கும்.
எங்கோ யாரோ எதையோ எரிக்கிற புகை.
இவ்வளவு பெரிதாக யாருக்குக் கட்டினார்கள்,
அவர்களெல்லாம் எங்கே போனார்கள்
என்று தோன்றும்."
இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை.

வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"பொறு" என்றவர்
போனைப் படிகளின் பக்கம் நீட்டிக் கைதட்டினார்.
ஒரே தட்டு.
தொண்ணூற்றோரு படியும் அதை வாங்கி
ஒரு பறவையாகத் திருப்பித் தந்தன.
க்கியூவ்...
நெட்வொர்க் கோளாறாகவும் இருக்கலாம்.

பணம் கேட்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.
பதிவைக் கேட்ட தரப்பிரிவு கோகுலவாணன்
பரிவுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டான்.
உண்மைக்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

காலை ஆறு இருபது.
கம்பெனி வண்டியைப் போகச் சொல்லிவிட்டு
நிலையத்துக்கு நடந்தேன்.
ஓடாத எஸ்கலேட்டர்.
கடைகளுக்கென்று கட்டி எந்தக் கடையும் வராத அறைகள்.
சுவர் வெடிப்பில் ஓர் அரசங்கன்று,
அதற்கு மட்டும் இங்கே வேலை நடக்கிறது.
ஊரே திரண்டு வந்து ஏறப்போகிறதென்று
யாரோ ஒருவர் வரைபடத்தின் முன் நம்பியிருக்கிறார்.

எண்ணிக்கொண்டே ஏறினேன்.
நாற்பதுக்கு மேல் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது,
கணக்கு தப்பிவிட்டது.
இறங்கி வந்து, சுற்றிலும் பார்த்து,
வெட்கத்தோடு ஒருமுறை தட்டினேன்.

கான்கிரீட் அதைக் கைத்தட்டலாகவே கொடுத்தது,
கொஞ்சம் அழுக்காக்கி.
புறாக்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டு
மொத்தமாக எழுந்தன.
மேலிருந்து காவலாளி எட்டிப் பார்த்தார்.
"ரயிலு ஆறு அம்பதுக்குத்தாம்மா.
கைதட்டுனா வராது."

"சரிண்ணே" என்றேன்.
இங்கே கயிறு எதுவும் கட்டவில்லை.
நாயைத் தாண்டி
மறுபடி ஏறத் தொடங்கினேன்.